தோள் சொன்ன பொய்

சிவநேசன் அண்ணை இறந்த செய்தி காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தது. வட்டுக்கோட்டையிலிருந்து வேலைக்குப் புறப்பட்டவர், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் படலையடியிலேயே சரிந்துவிட்டாராம். செய்தி சொன்னவரிடம் ‘ஓம்’ என்றேன். பிறகு வரிசையில் முதலாவதாக இருந்த நோயாளியின் முழங்காலை மடக்கி அளந்தேன். தொண்ணூறு பாகை. எழுதியும் வைத்தேன். அழுகை வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

எங்கள் உடற்சிகிச்சைப் பிரிவில் அவரோடு வேலை செய்து, இன்று அவர் நினைவுக்குக் கூடியிருக்கும் உங்களுக்கு அவரை நான் சொல்லத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் மின்சாரம் இல்லாமல் இயந்திரங்களெல்லாம் துணி போர்த்திக் கிடந்தபோது, பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டிப் பாகைமானி செய்தவர். “கதவைப் பாராதையும் ஐசே, பிணைச்சலைப் பாரும்” என்பார். கதவு வீசித் திரும்பும் பரப்புத்தான் தளம். அது சுற்றும் பிணைச்சல்தான் அச்சு. முழங்கையை மடக்கினால் அச்சு மூட்டுக்குக் குறுக்கே கிடக்கும். உள்ளங்கையைத் திருப்பினால் அச்சு முன்கையின் நீளத்துக்கு ஓடும். எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மத்தியானச் சாப்பாட்டில்தான் எங்களுக்குள் தனகல். நாங்களெல்லாம் சோற்றைக் குழைத்து அள்ளுவோம். அவர் கரண்டியால் சாப்பிடுவார். “துரை, சீமையிலையிருந்து எப்ப வந்தனீங்கள்?” என்று ஆறு வருடம் கேட்டேன். சிரிப்பார். கரண்டியைத் துடைத்துப் பொக்கற்றில் வைப்பார்.

குருநகர் மீனவர் அந்தோனியின் கைமுறிவு ஆறியபோது, முழங்கை மடக்கலும் நீட்டலும் முழுமை என்று எழுதி அவரை அனுப்பிவிட இருந்தேன். “வலை இழுப்பன் ஐயா, எனக்கு அவ்வளவு காணும்” என்றார் அவரும். அண்ணை குறுக்கே வந்தார். அந்தோனியின் கையில் பென்சிலைக் கொடுத்து, உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னார். திரும்பியதாகத்தான் எனக்குப் பட்டது.

“முழங்கையை விலாவோடை ஒட்டிப் பிடியும் ஐசே. இல்லாட்டித் தோள் பொய் சொல்லும்.”

பிடித்தேன். பென்சில் பாதியில் நின்றது; அதுவரை கைக்குப் பதிலாகத் தோள்தான் சரிந்து திரும்பியிருக்கிறது.

“வலை இழுக்கக் காணும். பிள்ளைக்குச் சோறு தீத்த?” என்று அந்தோனியைக் கேட்டார். அந்தோனி பென்சிலை இன்னொருமுறை திருப்பிப் பார்த்தார். மேலும் இரண்டு மாதம் அவரை வரச்செய்து, கை முழுதாகத் திரும்பிய பிறகே அண்ணை விட்டார். பயிற்சிகளை அண்ணை செய்து காட்டியதெல்லாம் இடக்கையால். பாகைமானியை வலக்கை பிடிக்கவேண்டுமே, அதற்காக என்று நினைத்திருந்தேன்.

செத்தவீட்டில் அவர் மனைவி அந்தக் கரண்டியைக் கொண்டுவந்து காட்டினார்.

“நீங்கள் துரை எண்டு கூப்பிடுறதை வீட்டிலை சொல்லிச் சிரிப்பார் தம்பி. சின்னனிலை முறிஞ்சு பிழையாப் பொருந்தின கை. வலக்கை மேலை திரும்பாது. கையாலை அள்ளிச் சாப்பிட ஏலாமல், தோளைத் தூக்கிக் கரண்டியாலைதான் சாப்பிடுவார். திருநீறு வாங்கவும் ஏலாது. தன்னட்டைக் கை காட்ட வாறவை நம்பமாட்டினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

மற்றவர்களின் கை திரும்புகிறதா என்று பார்க்கவே சம்பளம் வாங்குகிறவன் நான். ஆறு வருடம் அவருக்கு எதிரில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

வாய்க்கரிசிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அரிசியை ஏந்திக்கொண்டு போனேன். அவர் வாயருகில் என் கை கவிழ்ந்தது. ஒரு தடங்கலும் இல்லை.

அந்தப் பாகைமானியும் அவர் சொன்ன அந்த ஒரு வசனமும் இப்போது என்னிடம் இருக்கின்றன. எந்தக் கை வந்தாலும் முதலில் முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடிக்கிறேன். மத்தியானம் சாப்பிடும்போது, எதிரில் இருப்பவரின் தோளைப் பார்க்கிறேன்.