நெட்டை நாலு விரல் இறங்கியது

என் வீட்டுக்காரரை ஊரே 'நெட்டை' என்றுதான் கூப்பிடும். ஆள் என் தோளுக்குத்தான் வருவார், அதனால் வந்த பெயர். வண்டி மெக்கானிக். காட்டிலும் மேட்டிலும் சிக்கிக்கொண்ட வண்டிகளை இழுத்துவர ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். அதைப் பார்த்துப் பார்த்து உயர்த்தியதில், இப்போது அவரே கதவைப் பிடித்துத் தாவித்தான் உள்ளே ஏற வேண்டும்.

"உனக்கு எதுக்குடா இவ்வளவு ஒசரத்துல வண்டி?" என்று பக்கத்து டயர்க்கடைக்காரர் வம்புக்கு இழுப்பார்.

"மேல ஏறி உக்காந்துட்டா நீங்க எல்லாம் குள்ளம்தாண்ணே" என்பார் இவர்.

வீட்டிலும் இதே கூத்துதான். கட்டிலுக்குக் கீழே செங்கல், மேசைக்குக் கீழே கட்டை. நான் கத்தாத நாளில்லை. ஆனால் அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அந்த உயரக் கட்டில்தான் உட்கார்ந்து எழுந்திருக்க வசதியாக இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அம்மாவின் வீடு மேட்டு உச்சியில், கல்லுப்பாதை முடியும் இடத்தில். பக்கத்து வீட்டுக்காரி கோழிகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்றாலும் அம்மாவுக்கு இங்கே இருப்பே கொள்ளவில்லை. வீட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "போகலாம், ஆனா தூக்கிப் போடுற வண்டியில மட்டும் ஏறக் கூடாது" என்றார் டாக்டர். அந்தப் பாதையில் ஏறக்கூடிய ஒரே வண்டி எங்கள் பிக்கப். தூக்கிப் போடுவதற்கென்றே பிறந்த வண்டியும் அதுதான்.

"மாப்பிள்ளை, உங்க வண்டியில ஏறுறதுக்கு நான் திரும்ப ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்க ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

இவர் என்ன செய்தார்? பாதையைக் குறை சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிறகு டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். அப்புறம், முன்பக்கத்துக்கு இன்னும் முரடான ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். சோதனை ஓட்டத்துக்கு நான் வேண்டுமாம். "நீ கத்துறதுதான் எனக்கு மீட்டர்" என்றார். கத்தினேன். என் பல்லெல்லாம் ஆடிவிட்டது.

"எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்ங்க, கல்லு மூட்டையை இல்ல!" என்றேன்.

இவர் நேராக ஷெட்டுக்குப் போய் முன்பக்கத்துக்கு ஜாக்கி வைத்தார். வண்டி கொஞ்சம்தான் எழும்பியிருக்கும், அதற்குள் சக்கரம் தரையை விட்டுவிட்டது. இறக்கினார், மறுபடி ஏற்றினார். அதே கதை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு?"

"பள்ளம் வந்தா சக்கரம் கீழ எறங்கணும். எறங்க எடமே இல்ல. எல்லாத்தையும் நான் போட்ட வட்டு தின்னுடுச்சு."

வண்டியை உயர்த்த ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு தடித்த இரும்பு வட்டு வைத்திருந்தார். அதனால் சக்கரம் எந்நேரமும் கீழ் எல்லையிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் 'டொக்'கென்று இடித்து நின்றது அதுதான். ஊரில் வேறு யார் வண்டியாக இருந்தாலும் இதை ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருந்துவிட்டார், பாவம்.

வட்டை எடுத்தால் வண்டி நாலு விரல் இறங்கும். டயர்க்கடைக்காரர் சும்மா விடுவாரா? இவர் ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தார். அங்கே அம்மாவின் தலை தெரிந்தது. எழுந்து ஸ்பேனரை எடுத்தார்.

வட்டைக் கழற்றிப்போட்டு, பழைய மெத்தென்ற ஸ்பிரிங்கையே மாட்டினார். நீளமான ஷாக் அப்சார்பர் வாங்கிவந்தார். சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்ம் கம்பியையும், நன்றாகக் கீழே இறங்கிக்கொடுக்கிற மாதிரி மாற்றினார். மாட்டியதும் கிளம்பவில்லை. ஸ்பிரிங்கை மறுபடி வெளியே எடுத்துவிட்டு, வெறும் சக்கரத்தை ஜாக்கியால் மேலே தள்ளியும் கீழே விட்டும், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்தும், எது எதில் உரசுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரம் முழுக்க இறங்கியபோது பிரேக் டியூப் விறைத்து நின்றது.

"நல்லவேளைடி! பாதி வழியில அறுந்திருந்தா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அதையும் நீளமானதாக மாற்றிய பிறகுதான் என்னை ஏற்றினார். பாதி மேடு வரைக்கும் போனோம். சட்டென்று வண்டியை நிறுத்தினார்.

"ஏன் பேசாம வர்ற? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

டயர்க்கடைக்காரர், "என்னடா, வண்டி இளைச்சிடுச்சு?" என்றார். "ஆமாண்ணே" என்றதோடு சரி, வாயே கொடுக்கவில்லை.

மறுநாள் ஸ்டூல் போட்டு அம்மாவை ஏற்றினோம். சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். இவர் ஊர்ந்து ஊர்ந்துதான் ஓட்டினார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி நின்றதும் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"என்ன மாப்பிள்ளை, கல்லுப்பாதை வந்துடுச்சா?"

"அத்தை, வீடே வந்துடுச்சு."

கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சாவியை அவரிடம் நீட்டினாள். "நான் எறங்க நேரமாகும். நீங்களே தொறங்க."

அம்மா வீட்டுப் பூட்டு கதவின் உச்சியில் தொங்கும். இவர் எம்பிப் பார்த்தார், எட்டவில்லை. வேறு வழியில்லாமல், அம்மா இறங்குவதற்கென்று கொண்டுவந்த ஸ்டூலையே கதவடியில் போட்டு ஏறினார். வண்டிக்குள் இருந்தபடியே அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சிரிங்க அத்தை, சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் பூட்டைத் திறந்தார்.