என் பெயரில் படுத்திருந்த தங்கை

பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். கடிதம்கூட அதிகம் எழுதியதில்லை. நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவருக்குப் பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. எங்கள் வீடு காரோடு பஞ்சாயத்தில், கேரள எல்லைக்குள் இருக்கிறது. தங்கையைக் கட்டிக்கொடுத்தது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் அவளுடைய ரேஷன் கார்டு, இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் தமிழ்நாட்டில். என்னுடையவை கேரளத்தில். அன்று எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட வந்தவள், கைகழுவப் போன இடத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் உடனே வண்டியை எடுத்தார். நெய்யாற்றின்கரை போகும் வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி உண்டு. சில வருடங்களுக்கு முன் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தது அங்கேதான். அந்தச் செலவு இன்சூரன்ஸ் கார்டில் போயிற்று. பாதி வழியில் ஆட்டோக்காரர் சொன்னார்:

“தங்கச்சிக்க கார்டு தமிழ்நாட்டுதாக்கும், அக்கா. இங்க கொண்டு காட்டினா சிரிப்பினும்.”

இங்கே செல்லாது, சிரிப்பார்கள் என்று அவர் சொன்னது அவ்வளவுதான். மற்றது எனக்கே தோன்றியது. எனக்கும் தங்கைக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம், முகமும் ஒரே சாயல். சீட்டுப் பதிகிற இடத்தில் என் பழைய ஆஸ்பத்திரி அட்டையையும் என் இன்சூரன்ஸ் கார்டையும் நீட்டினேன். அங்கிருந்த பெண் பெயரைப் படித்துவிட்டு, இவர்தானே என்பதுபோல் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று மனசுக்குள் ஒரு சமாதானம்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். கம்ப்யூட்டரில் என் பழைய விவரங்களைப் பார்த்துவிட்டு, “யூட்ரஸ் எடுத்ததாணல்லே?” என்று கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். கர்ப்பப்பை எடுத்தது எனக்கு. அதற்கும் நான் தலையாட்டினேன். அப்படியென்றால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று நர்ஸிடம் சொல்லி, வலிக்கு ஊசி எழுதினார். ஸ்கேன் எடுக்க வரிசையில் காத்திருக்கச் சொன்னார்கள்.

அப்போதுதான் தங்கை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, எனக்கு ரெண்டு மாசமாட்டு வரல்ல. வயசாயிட்டுன்னு நெனச்சேன்.”

“ஏன்டி, டாக்டர் கேட்டப்போ சொல்லல்ல?”

“நான் இப்போ நீயாக்கும். உனக்கு ஏது மாசக் கணக்கு?” என்றாள். அந்த வலியிலும் அவளுக்கு என்னைக் கிண்டல் செய்ய முடிந்தது. ஆனால் உதடு வெளுத்திருந்தது.

என் வியாதிக் கணக்கை அவள் உடம்புக்கு மேலே போட்டு மூடிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் நான் எழுந்து போகப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். போலீஸைக் கூப்பிடுவார்களோ, என் கார்டை ரத்து செய்வார்களோ என்று பயம். ஆட்கள் முன்னால் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தங்கை கண்ணை மூடத் தொடங்கியதும் போய் நின்றேன்.

“டாக்டரே, கார்டு எனக்கதாக்கும். கெடக்கது எனக்க தங்கச்சி. அவளுக்குக் கர்ப்பப்பை உண்டு. ரெண்டு மாசமாட்டு வரல்ல.”

டாக்டர் திட்டவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. அந்தச் சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு, தங்கையிடம் அவள் பெயரைக் கேட்டு வேறு சீட்டு எழுத வைத்தார். வரிசையெல்லாம் இல்லாமல் கட்டிலுக்கே ஸ்கேன் மெஷின் வந்தது. கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அரை மணி நேரத்தில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கல் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் கையை மீறிப் போயிருக்கும் என்று ஒரு நர்ஸ் பிறகு சொன்னார்.

ஆபரேஷன் நடக்கும்போது பில் கவுண்டரில் என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண். எல்லையோரப் பனச்சமூட்டுக்காரி, அதனால் நன்றாகத் தமிழ் பேசினாள். நடந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“நாளைக்கு இன்சூரன்ஸ் கவுண்டர்ல ரேகைக்கு விரல் வைக்கச் சொல்லுவாங்க, சேச்சி. உங்க விரல வெட்டித் தங்கச்சிக்கு ஒட்டுவியளா?” என்றாள். பிறகு அவளே உட்காரவைத்துச் சொன்னாள். அவசரப் பிரிவில் வைத்துப் பார்க்கிறதற்குத் தனி பில். அட்மிட் ஆன பிறகுதான் எங்கள் கார்டு கணக்கில் வரும். அட்மிட் ஆகாமல் வீட்டுக்குப் போனால் கார்டு இருந்தும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் சிகிச்சையை முதலில் தொடங்கிவிடுவார்கள், கார்டு விஷயம் அதற்குப் பிறகுதான். அப்படிப் பார்த்தால் நான் சொன்ன பொய்க்கு அந்த நேரத்தில் ஒரு உபயோகமும் இல்லை.

“தங்கச்சிக்கு என்ன வேலை?” என்று கேட்டாள்.

“அண்டி ஆபீஸ்ல, பருப்பு உடைக்கியா” என்றேன். முந்திரி ஆலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

“பின்ன சம்பளத்தில தொழிலாளர் இன்சூரன்ஸ் பிடிப்பாங்களே. அது உண்டா?”

இருந்தது. காய்ச்சலுக்கு மருந்து வாங்குகிற இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்று மட்டும்தான் தங்கைக்கு அதைத் தெரியும். அவசரமென்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அவசர நிலை என்று டாக்டர் எழுதிய சான்று, டிஸ்சார்ஜ் சீட்டு, அசல் பில்கள் எல்லாம் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றாள் அந்தப் பெண். எல்லாம் தங்கை பெயரில் இருக்க வேண்டும், ஒரு காகிதம்கூட என் பெயரில் இருக்கக்கூடாது. அந்தப் பெண் சொன்னபடி தங்கையின் கணவர் அலைந்து கொடுத்தார். கட்டிய பணம் முழுவதும் வரவில்லை, ஒரு பகுதி சில மாதம் கழித்து வந்தது.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன். தங்கைக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் கார்டை நீட்டினேன். செலவைப் பற்றி நினைத்த அந்த ஒரு நிமிஷத்தில் அவள் யார் என்பதையே டாக்டரிடமிருந்து மறைத்துவிட்டேன் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் மதியம் கஞ்சித்தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். தங்கை மூன்று கரண்டி குடித்தாள்.