கடைவாய்ப் பல்லும் ஓடைப்பட்டித் திராட்சையும்

நான் திராட்சை வியாபாரி. ஓடைப்பட்டியில் பந்தல் பந்தலாக நுழைந்து, நாலு பழத்தை வாயில் போட்டு, இனிப்பைப் பார்த்துத் தோட்டத்துப் பழத்தை மொத்தமாக விலைபேசி எடுப்பதுதான் பிழைப்பு. இனிப்பு பார்க்கும் கருவி ஒன்று வாங்கச் சொன்னவர்களிடம், என் நாக்கை விடவா என்று கேட்டுத் திரிந்தேன். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. பல்தான் சொத்தையானது.

பழனிசெட்டிபட்டியில் பல் டாக்டரம்மா ஒருவர் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான் என்றார். சாப்பிட்டபின் சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை இருபது நிமிடம் மென்றால் எச்சில் ஊறி, பல்லை அரிக்கும் புளிப்பைக் கழுவுமாம். அதற்காகப் பல் துலக்காமல் இருக்கக் கூடாது, விழுந்த குழியை அது அடைக்காது என்றும் சொன்னார். என் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். இருபது நிமிடம் நல்லதென்றால் நாள் முழுக்க இன்னும் நல்லதுதானே? புதினா சூயிங்கம் ஒரு டப்பா வாங்கி, விடிந்ததிலிருந்து மாடு மாதிரி அசைபோட்டேன்.

அந்த வாரம் ஓடைப்பட்டியில் ஒரு பழம்கூட இனிக்கவில்லை. சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கடித்தால் எல்லாம் புளி. இரண்டு தோட்டங்களை வேண்டாமென்று தள்ளினேன். அதில் ஒரு தோட்டக்காரர், மழைக்கு முன் பழம் இறங்கினால் போதும் என்று என் கையைப் பிடித்தார். என் நாக்கு பொய் சொல்லாது என்று பெரிய மனிதனாகப் பேசிவிட்டு வந்தேன்.

மூன்றாவது தோட்டத்து வீட்டம்மா என் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, வாயில என்னத்தப் போட்டு அரைக்கிறீக?"

சூயிங்கம் டப்பாவை எடுத்துக் காட்டினேன். ஒன்று வாங்கி மென்றார், தன் தோட்டத்துப் பழத்தையே தின்றார், முகம் கோணித் துப்பினார். கணவருக்கும் ஒன்று கொடுத்தார். அவரும் துப்பினார். பழம் பறிக்க வந்த பெண்களும் சும்மா இருக்கவில்லை. பந்தலடியில் ஆளாளுக்கு மெல்வதும் துப்புவதுமாக ஒரே அமளி. என்னை வாய் கொப்பளிக்க வைத்து, அரை மணி நேரம் உட்கார்த்தி, அதே கொத்திலிருந்து ஒரு பழம் கொடுத்தார்கள். தேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. நேராகக் கையைப் பிடித்தவர் தோட்டத்துக்குப் போனேன். முந்தின நாள் அந்தப் பக்கம் மட்டும் மழை கொட்டியிருந்தது. பாதிப் பழம் வெடித்துத் தொங்கியது. மிச்சத்தை அவர் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் வெடிக்காத பழமாகத் தேடி ஒன்றைப் பறித்து நீட்டினார். காப்பாற்றப் பார்த்த கடைவாய்ப் பல்லால் கடித்தேன்.

"இன்னைக்கு இனிக்குதாக்கும்?" என்றார்.