உள்ளங்கையில் தம்பியின் ரத்தம்

இரண்டு. இந்த எண்ணை மறக்காதீர்கள். ரத்தத்தில் லாக்டேட் என்கிற அமிலக் கழிவு இரண்டுக்குள் இருந்தால் உடம்பு தன் பாட்டுக்கு ஓடுகிறது. ஏற ஏற, உறுப்புகளுக்கு மூச்சு முட்டுகிறது. கிருமித் தொற்று உடம்பையே கவிழ்த்துவிடுமோ என்று சந்தேகம் வந்தால் டாக்டர்கள் முதலில் தேடும் எண்களில் இதுவும் ஒன்று. புரோகால்சிட்டோனின் என்று இன்னொன்று உண்டு. அது மெதுவாக வரும். லாக்டேட் உடனே சொல்லிவிடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தம் எடுப்பவளுக்குப் பெயர் கொசு. நோயாளிகள் வைத்த பெயர். "கொசு கடிச்சா காய்ச்சல் வரும், நான் கடிச்சா காய்ச்சல் போகும்" என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

குழாயில் அடைத்த பிறகும் ரத்தம் சாவதில்லை. கதகதப்பில் வைத்தால் உள்ளே இருக்கும் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைப் பெருக்கிவிடும். எண் பொய் சொல்லும். ஆகவே ஐஸில் புதைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஐஸ் பெட்டி கேட்டால் நிர்வாகம் 'பார்க்கலாம்' என்றது. பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். கொசு போய் வாசலில் உட்கார்ந்தாள். 'ஐஸ் இல்லாத ரத்தம் பொய்ச் சாட்சி' என்று அட்டையில் எழுதிப் பிடித்தாள். பெட்டி வந்தது.

அதே பிரிவுக்கு ஒரு நாள் அவள் தம்பியும் வந்து சேர்ந்தான். தையல்காரன். குடல் ஓட்டையாகி ஆபரேஷன் முடிந்திருந்தது. காலையில் எடுத்த லாக்டேட் 2.4.

"அடுத்தது இறங்கினா நல்லது," என்றார் டாக்டர். "ஏறினா உள்ள சீழ் கட்டியிருக்குன்னு அர்த்தம். வயித்தைத் திரும்பத் திறக்கணும். தாங்குவாரான்னு சொல்ல முடியாதும்மா."

பச்சைத் திரை வழியாக வந்த வெயிலில் கட்டில்கள் எல்லாம் குளத்தின் அடியில் கிடப்பது போல இருந்தன. அவள் ரத்தம் எடுக்க ஊசி குத்தினாள்.

"குளிருதுக்கா."

"ரெண்டு போர்வை போட்டிருக்கேன்டா."

"வெளிய இல்லக்கா. ரத்தமே குளிருது."

குழாய் நிறைந்தது. பெட்டியைத் திறந்தாள். சில்லிப்பு முகத்தில் அடித்தது. கை உள்ளே போகவில்லை. மூடிவிட்டு, குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நடந்தாள்.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. மஞ்சள் விளக்கு ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் தம்பி தன் சில்லிட்ட பாதங்களை அவள் வயிற்றில் ஒட்டிக்கொள்வான். இப்போது கைக்குள் கதகதவென்று இருந்தது அவன்தான் என்று தோன்றியது. லிஃப்ட் மிதந்தது. ஆள் வந்து கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

"என்ன கொசு, முட்டையா? அடைகாத்துக்கிட்டு வர்ற?" என்றார் லேப்காரர்.

பெட்டி அவள் தோளில் தொங்கியது. ஐஸுக்காக வாசலில் உட்கார்ந்தவளை யார் சந்தேகப்படுவார்கள்? குழாயை வாங்கி மெஷினில் கொடுத்தார். 3.6.

அவள் மேலே வருவதற்குள் டாக்டர் போனில் இருந்தார். "தியேட்டரை ரெடி பண்ணுங்க."

கொசு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது. அப்போதுதான் விழிப்பு வந்தது. சொன்னால் மானம் போகும், அது பரவாயில்லை. ஆனால் எண் நிஜமாகவே ஏறியிருந்து, இவள் பேச்சைக் கேட்டுத் தாமதித்தால் தம்பி போய்விடுவான். சொல்லாவிட்டால், இல்லாத சீழைத் தேடி அவனைக் கிழிப்பார்கள். இரண்டு பக்கமும் பள்ளம்.

"டாக்டர், அந்த நம்பரை நம்பாதீங்க. ஐஸ்ல வைக்கல. கையிலயே வெச்சிருந்தேன். லிஃப்ட் வேற நின்னுபோச்சு."

"யாரு, நீயா? நீயாம்மா ஐஸ்ல வைக்கல?"

"நான்தான். குளிருதுன்னான்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. அதுதான் சுட்டது. "தியேட்டர் பாட்டுக்கு ரெடியாகட்டும். அதுக்குள்ள இன்னொன்னு எடு. ஓடு."

தம்பி கண்ணைத் திறந்தான். "மறுபடியுமா? பசி அடங்கலையா கொசு?"

"அக்காவைப் பார்த்துக் கொசுங்கிறியா? வாயை மூடுடா. இந்தத் தடவை ஐஸ்ல போடப்போறேன். பொறுத்துக்கோ."

"போடு. நான் இங்கதானே இருக்கேன்."

அவள் குழாயை ஐஸில் புதைத்தாள். லிஃப்டை நம்பாமல் படியில் இறங்கினாள். லேப்காரர் குழாயை வாங்கியதும் விரலை உதறிக்கொண்டார். இருவரும் மெஷினின் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

1.9.