முதல் சாப்பாடு யாருக்கு?

எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை டேட்டாபேஸ் பார்க்கிறவனை யாருக்கும் தெரியாது. வரிசை ஒருநாள் மாறட்டும், ஊருக்கே தெரிந்துவிடும். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கேட்காமல் கிடைத்தது

லிட்டில் இந்தியாவில் ஒரு தொண்டூழியச் சமையற்கூடம். தோ பாயோ அடுக்குமாடி வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அங்கிருந்து மதியச் சாப்பாடு போகும். சாப்பாடு போகும் வீடுகளின் பட்டியல் கணினியில் திறக்க நேரமாகிறது என்றார்கள். பெயர்வாரியாக ஓர் இண்டெக்ஸ் போட்டேன், புத்தகத்தின் கடைசியில் பக்க எண்களோடு இருக்குமே, அதுபோல. சட்டென்று திறந்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் வேன் ஓட்டும் காதர் பாய் வந்து நின்றார். பதிந்த வரிசையில், புளோக் புளோக்காக, அதாவது கட்டடம் கட்டடமாக, வந்துகொண்டிருந்த பட்டியல் அகரவரிசைக்கு மாறியிருந்தது. எந்த வரிசையில் வேண்டும் என்று கணினியிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லாவிட்டால் அது தனக்கு எது சுலபமோ அப்படித்தான் கொடுக்கும்.

“ஒரே புளோக்குக்கு நாலு தடவை போயிட்டு வந்தேன் லா, தம்பி.”

மாடிக் கணக்கு

புளோக், மாடி இரண்டையும் ஏறுவரிசையில் வைத்து இண்டெக்ஸ் போட்டு, அதே வரிசையைக் கணினியிடம் கேட்டும் வாங்கினேன். பாய்க்குத் திருப்தியில்லை. ஏன் என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, கூடவே போனேன். லிஃப்டில் நேரே உச்சி மாடிக்குப் போனார், படியில் இறங்கிக்கொண்டே கொடுத்தார். புளோக்கை ஏறுவரிசையிலும் மாடியை இறங்குவரிசையிலும் ஒரே இண்டெக்ஸில் வைக்கலாம் என்பது நான் படித்ததுதான். அது யாருக்குத் தேவைப்படும் என்பதை அன்றுதான் பார்த்தேன், பட்டியலை அப்படியே மாற்றினேன்.

“மாடிக்கு மாடி லிஃப்டுக்கு நின்னா சோறு ஆறிடும் தம்பி.”

பாய் வராத நாள்

பாய்க்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்த செல்வி என் பட்டியலை வரி பிசகாமல் பின்பற்றினார். கடைசி புளோக், மூன்றாம் மாடியில் மரகதம் ஆன்ட்டி. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்காகக் காத்திருப்பவர், தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். செல்வி போனபோது ஆன்ட்டி வேர்த்துக் கொட்ட, நடுங்கும் கையோடு மெல்லக் கதவைத் திறந்தாராம். செல்விதான் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியிருக்கிறார்.

பாயை ஃபோனில் பிடித்தேன். பட்டியல் எப்படி வந்தாலும் ஆன்ட்டிக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் மற்ற வீடுகளுக்குப் போவாராம். ஏன் பாய் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

“புளோக் கேட்டீங்க, மாடி கேட்டீங்க. யாருக்குப் பசி தாங்காதுன்னு நீங்க கேக்கலையே தம்பி.”

இப்போது இண்டெக்ஸில் முதலில் ஊசி போட்டுக்கொள்பவர்கள், பிறகு புளோக், பிறகு மாடி. அந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் வேன் ஓட்டுகிறார், நிபுணர் என்ற பெயர் அட்டையோடு நான் திரிகிறேன்.