வீரபத்திரன் வீட்டுப் பாவு

பிள்ளையார்பாளையத்தில் பூவம்மாளிடம் வாய் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பியவர் கிடையாது. கலியனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவனோடு ஒரே தறியில் உட்கார்ந்து, சேலைக் கரைப்பக்கத்தில் ஊடைநூல் ஓடும் நாடாவை வீசியவள் அவள். அறுபத்தெட்டாம் வருஷம் கலியனின் இருமலில் ரத்தம் வந்தது. தறி நின்றது. வைத்தியத்துக்கென்று அவள் கழுத்துத் தாலியைத் தவிர மற்றதெல்லாம் வீட்டைவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் தெருச் சங்கத் தலைவர் உமாபதி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு வீட்டு நெசவுக் கூலியிலும் கொஞ்சம் பிடித்து, வைத்தியத்துக்கு ஒரு பொது நிதி வைப்பது. யார் படுத்தாலும் அதிலிருந்து செலவு. ஆனால் எல்லா வீடும் சேர்ந்தாக வேண்டும். முன்பு ஒருமுறை விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்று வைத்தார்கள். நோயாளிகள் மட்டும் ஓடிவந்து சேர, சித்திரையில் தொடங்கிய அந்த நிதி ஆடி மாதம்கூடத் தாண்டவில்லை.

வீரபத்திரன் குதித்தான். தலைவலி என்று ஒரு நாள் படுத்தறியாத மகாராஜன். "எவனோ இருமுறதுக்கு என் கூலியில இன்னாத்துக்குப் பிடிக்கணும்? இஷ்டம் இருக்கறவங்க குடுக்கட்டும்" என்றான். பாதித் தெரு தலையாட்டியது. "உன் ஊட்டுக்காரர் படுத்துக்கினு கீறாரு, அதான் உனக்கு அவசரம்க்கா" என்று பூவம்மாள் பக்கம் திரும்பினான் வீரபத்திரன்.

"ஆமாப்பா, அவருக்காகத்தான் கேக்கறேன். இதுல எனக்கு இன்னா வெக்கம்?" என்றாள் பூவம்மாள். முடிவு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் காலை வீரபத்திரன் வீட்டுப் பாவு. தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி தடவி, அது காயுமுன் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். யார் வீட்டுப் பாவானாலும் வீட்டுக்கு ஒருவர் வந்து கைகொடுப்பது அங்கே வழக்கம். அழைப்பும் கிடையாது, கூலியும் கிடையாது.

அன்று வீரபத்திரன் குடும்பமே தட்டுத்தடுமாறிப் பாவை விரித்துக் கஞ்சியும் தடவிவிட்டது. பிரிக்கத்தான் ஆளில்லை. பூவம்மாள் முந்தின நாளே வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தாள். பெண்களெல்லாம் கைகட்டி வாசலில் நின்றார்கள்.

"இன்னா எல்லாரும் பாத்துக்கினு நிக்கிறீங்க? வெயில் ஏறுது, பட்டு ஒட்டிக்கும்" என்றான் வீரபத்திரன்.

"இஷ்டம் இருக்கறவங்க வரட்டும்னு நீதானேப்பா சொன்ன. எனக்கு இன்னிக்குப் பாவு இல்ல. பக்கத்து ஊட்டு எல்லம்மாவுக்கும் இல்ல" என்றாள் பூவம்மாள்.

வீரபத்திரன் குனிந்து, ஒட்டத் தொடங்கிய இழைகளைத் தொட்டுப் பார்த்தான். மனைவி கங்கையம்மாள் முறைத்த முறைப்பில், "சரிக்கா, நானும் சேர்றேன். வாங்க" என்றான். முதலில் போய்ப் பாவைத் தொட்டவள் பூவம்மாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வீரபத்திரன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டான்: "ஏற்கெனவே படுத்துட்டவங்களுக்கு இதுல செலவு பண்ணக் கூடாது. மொதல் மாசமே காலியாயிடும்."

தெருவில் அப்படிப் படுத்திருந்தது கலியன் ஒருவன்தான். வீரபத்திரன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் பூவம்மாளுக்கு எரிச்சல். மறுத்தால் பாதித் தெரு மறுபடி எழுந்து போய்விடும்.

"அதையும் சேத்தே எழுதுங்க. ஆனா ஒரு ஊடுகூட விலகக் கூடாது" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கலியன், "எனக்கு இல்லன்னா நீ ஏன் கை தூக்கின?" என்றான்.

"அடுத்து இருமப் போறவன் பொண்டாட்டி என்னை மாதிரி நிக்கக் கூடாது."

சொல்லிக்கொண்டே தாலியைக் கழற்றி, அதற்குப் பதிலாகச் சரட்டில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டாள். கழற்றிய தாலிப் பொன்னை முந்தானையில் முடிந்தாள்.

"கிளம்பு, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."