பலாங்கொடைக் கரகமும் இடது ஓரத்துக்கு ஓடிய புள்ளியும்

அதனால்தான் சொல்கிறேன், கேமராப் பையை பஸ்ஸில் மேல் தட்டில் போடாதீர்கள். கண்டக்டர் என்ன சொன்னாலும் சரி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவிசாவளையில் ஏறினதுமே அந்தப் பையன், "அக்கே, பேக் எக்க உடின் தான்ன" என்று தட்டைக் காட்டினான். "பே மல்லி, மேக்கே கெமரா எக்கக் தியெனவா" என்று மறுத்து, உள்ளே கேமரா இருக்கிற விஷயத்தைச் சொன்னேன். அவன் என் திருநீற்றையும் சேலையையும் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டுக்குப் படம் பிடிக்கப் போகிறேனா என்று சிங்களத்தில் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அம்மனைப் படம் பிடிக்கப் போகிறேன் என்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது. பைக்கும் சேர்த்து டிக்கட் கேட்க வந்தவன், கேட்காமலே போய்விட்டான்.

இந்தப் பயணம் போனது 2009 பங்குனியில். பலாங்கொடைக்கு மேலே என் தங்கச்சி சரோஜா வாழ்க்கைப்பட்ட தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. எங்கள் பெரியண்ணனும் அந்தத் தோட்டம்தான். இருபது வருஷமாகக் கரகம் எடுக்கிறவர். முழங்கால் போய்விட்டது, இந்த வருஷத்தோடு கரகத்தை இறக்கி வைக்கிறேன், வேறு ஆள் பாருங்கள் என்று கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டார். அவர் கரகத்தோடு நிற்கிற நல்ல படம் ஒன்றுகூட எங்கள் யாரிடமும் இல்லை. "ரெண்டு பேரும் எடுங்க. நல்லா வர்றத பெருசாக்கி கோயில் மண்டபத்துல மாட்டுவோம்" என்று போனில் சொன்னார். ரெண்டு பேரும் என்றால் நானும் சரோஜாவும். நான் போனது அந்தப் படத்துக்காக. அம்மன் அறிய உண்மையைச் சொல்கிறேனே, அவள் படம் மாட்டப்படக் கூடாது என்பதற்காகவும்தான்.

இரண்டு கேமராவையும் வாங்கி வந்தவன் என் மகன். கட்டாரில் ஓட்டல் வேலை. அதற்கு முந்தின புரட்டாசியில் லீவில் வந்தபோது எனக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று, ஒரே மாடல், ஒரே கறுப்பு. பத்துமாதம் சுமந்தவளுக்கும் சோறு போட்டவளுக்கும் ஒரே கணக்கு. அவன் பலாங்கொடைப் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் சரோஜா வீட்டிலிருந்துதான், அது சரி. இருந்தாலும் என்னுடையது கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம். சரோஜா தன் கேமராவை வாங்கிப்போக எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, சரஸ்வதி பூஜை முடியும் வரை இரண்டு நாள் தங்கினாள். பால்வெட்டுக் கத்தி, புத்தகம், தையல் மிஷின் வரிசையில் கேமராக்களையும் வைத்துப் பொட்டிட்டுக் கும்பிட்டோம். பிறகு மகன் அவளோடு பலாங்கொடைக்குப் போய் ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க இருந்தான். அந்த ஒரு கிழமையில் அவளுக்கு என்னென்ன சொல்லிக் கொடுத்தான் என்பது எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்னது, "பச்சையில வச்சுட்டு அமுக்குங்கம்மா, தானா வரும்."

தானாக வந்த அழகைக் கேளுங்கள். இந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் ஒன்பது சின்னப் புள்ளிகள் இருக்கும். எது சிவப்பாக மின்னுகிறதோ, அந்த இடம்தான் தெளிவாக விழும். நாம் சொல்லாவிட்டால் கேமராவே ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், அனேகமாக நமக்குக் கிட்டே இருப்பதை. பூசாரியை எடுத்தால் அவர் நீட்டுகிற கற்பூரத் தட்டு பளிச்சென்று இருக்கும், பூசாரி புகைக்குள் போனவர் மாதிரி இருப்பார். ஆறு மாதம் எனக்கு இதே கதைதான்.

இனி வழி. எங்கள் ரப்பர் தோட்டம் கேகாலை மாவட்டம், தெஹியோவிட்டவுக்குக் கிட்டே. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன். அவிசாவளைக்குப் பதினெட்டு ரூபாய். அங்கிருந்து இரத்தினபுரி நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஐம்பத்தெட்டு ரூபாய். யுத்த நேரம், வழியில் ஒரு இடத்தில் ஆமிக்காரர்கள் இறக்கிச் சோதிப்பார்கள். அடையாள அட்டையையும் கேமரா பில்லையும் கையிலேயே வைத்திருங்கள். என்னை நிறுத்தியவர் ஒரு படம் எடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்தேன். அவருக்கு முன்னாலிருந்த தடுப்புக் கம்பி அழகாக விழுந்திருந்தது. அவர் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், பெல்மடுல்ல தாண்டினால் வளைவு அதிகம், வெறும் வயிற்றில் குமட்டும். பலாங்கொடை போய்ச் சேரப் பதினொன்றரை. தோட்டத்துக்குப் போகிற பஸ் ஒன்றேகாலுக்குத்தான். ஆட்டோ நிற்கிற இடத்தில் ஒரு முஸ்லிம் நானாவிடம் கேட்டேன். அறுநூறு என்றார்.

"பதினொரு கிலோமீட்டருக்கு அறுநூறா நானா?"

"ஏத்தம் அக்கா. ரோட்டப் பாத்தா நீங்களே எழுநூறு தருவீங்க."

பாதையைப் பார்த்த பிறகு அறுநூறையே மனசாரக் கொடுத்தேன். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். "கெமராவோட வாறீங்க, திருநாளுக்கா? அங்க சரோஜாக்கா இருக்காங்களே, அவங்க புடிச்ச போட்டோ பாத்தீங்களா? கோயில்ல மாட்டி இருக்காம், டவுன்லயே பேச்சு." அவள் என் கூடப்பிறந்தவள் என்று நான் சொல்லவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கினதும் கோயிலுக்குத்தான் போனேன், அம்மனைக் கும்பிட. நிஜமாகவே முதலில் கும்பிட்டேன். பிறகு திரும்பிப் பார்த்தால் மண்டபச் சுவரில் கண்ணாடி போட்டு அவள் எடுத்த தைப்பொங்கல் படம். பானை பொங்கி வழிகிறது, அதற்குப் பின்னால் அம்மன் முகம். கிட்டே இருக்கிற பானை மங்கல், தூரத்திலிருக்கிற அம்மனின் மூக்குத்தி அத்தனை தெளிவு. கீழே பெயின்டால் அவள் பெயர். மனசுக்குள் ஏதோ சுருக்கென்றது. அது எப்படி அவள் கேமரா மட்டும் அம்மனைப் பார்க்கிறது, என் கேமரா பானையைப் பார்க்கிறது?

அன்று சாயங்காலம் அவள் லயத்து வீட்டு வாசலில் தேத்தண்ணீர் குடிக்கும்போது மெல்லக் கேட்டேன்.

"என்னக்கா பெரிய ரகசியம்?" என்றாள். "தம்பி ஒனக்குக் காட்டலையா?"

அவள் என் மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். "காட்டினான், காட்டினான். நீ எப்படிச் செய்யுறேன்னு பாக்கத்தான் கேட்டேன்."

"பச்சையிலயே வச்சுக்கிட்டு இருக்கியா?" என்று சிரித்தாள். "அது ஆட்டுக்குட்டி மாதிரிக்கா. கிட்ட இருக்குற கொழையத்தான் கடிக்கும்."

அவள் சொன்ன முறையை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு உதவும். முதலில் மேலே இருக்கிற சக்கரத்தைப் பச்சையிலிருந்து வெளியே திருப்ப வேண்டும், பச்சையில் இருக்கும்வரை நம் பேச்சு எடுபடாது. பிறகு ஒன்பது புள்ளியும் வேண்டாம், ஒன்று போதும் என்று தேர்ந்துகொள்ள வேண்டும். கடையிலிருந்து வருகிறபடி புள்ளியை நகர்த்த இரண்டு வேலை: பின்பக்க மூலையில் ஒரு பொத்தானை அமுக்கி, அதற்குப் பிறகு கட்டைவிரலுக்குக் கிட்டே இருக்கிற குமிழைத் தள்ள வேண்டும். அதற்குள் ஆடுகிறவர் ஆடி முடித்துவிடுவார். ஆகவே மெனுவில் கடைசிப் பக்கம் போய், கஸ்டம் பங்ஷன் என்கிற இடத்தில், குமிழே நேரடியாகப் புள்ளியை நகர்த்தட்டும் என்று மாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். மகன் அவளுக்கு ஒரு கிழமை காட்டிக் கொடுத்தது இந்த ஒரு வரியைத்தான்.

"கரகத்துக்குக் கேமராவ நிமித்திப் புடி. பூவு மேல இருக்கும், அண்ணன் மொகம் நடுவுக்குக் கீழ வரும். நடுப்புள்ளிய வச்சா பூவுதான் விழும். ஒரு எட்டு கீழ தள்ளிக்க" என்றாள். எனக்கே பாடம் எடுக்கிறாள்!

மறுநாள் அவள் சொன்னபடியே மாற்றிப் பழகிப் பார்த்தேன். என் புள்ளி இடது ஓரத்துக்குப் போனது. நடுவுக்குக் கொண்டுவந்தேன். விரலை எடுத்ததும் மறுபடி இடது ஓரம். லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்தேன், இடது ஓரத்தில் நின்ற சரோஜாவின் பேத்தி மட்டும் பளிச்சென்று விழுந்தாள். சரோஜாவை இரண்டு பெண்களோடு எடுத்தேன். இடது ஓரத்தில் சரோஜா. தெளிவாக, சிரித்துக்கொண்டு. எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே எதையோ மாற்றிச் சொல்லியிருக்கிறாள். நான் பாட்டுக்குப் பச்சையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். திரும்பப் பச்சைக்குப் போகலாம், ஆனால் போனால் அண்ணன் கையிலிருக்கிற வேப்பிலைதான் விழும். ராத்திரி சோறு இறங்கவில்லை. அவள் என்னவென்று கேட்டதற்கு, விரதம் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றில் குடத்தை நிரப்பி, பூச்சூட்டிக் கரகம் பாலித்தார்கள். பத்தரை மணிக்குத் தப்பு மேளச் சத்தம் தேயிலை மலை வழியாக ஏறி வந்தது. கோயில் வாசற்படியில் அண்ணன் ஒரு நிமிஷம் நின்று, கண்ணை மூடி, கரகத்தைத் தலையிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி இறக்குவார். அந்த ஒரு நிமிஷம்தான் படம். நானும் சரோஜாவும் படிக்குப் பக்கத்தில் நின்றோம். என் புள்ளியோ இடது பக்கம், வாசலில் குடையோடு காத்து நின்றவரின் காதில் போய் உட்கார்ந்திருந்தது.

கூட்டம் வளைவில் தெரிந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒன் கேமராவுல இருக்குறது ஒன்னு, எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒன்னு. நல்லா இருடி!" என்றேன். ஆத்தா சந்நிதியில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். தன் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, என்னுடையதைக் கையிலிருந்து பிடுங்கினாள். ஒரு தரம் கண் வைத்துப் பார்த்தாள். குமிழைத் தடவினாள். பிறகு, தப்பையும் மீறிக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள்.

"யாருக்கா இதுல சந்தனத்த அப்புனது? குமிழு ஒரு பக்கமா ஒட்டிக் கெடக்கு!"

பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து குமிழின் இடுக்கில் கல்லாக இறுகியிருந்தது. அது குமிழை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறது. பழைய முறையில் பொத்தானை அமுக்காமல் குமிழ் வேலை செய்யாது, ஆகவே ஆறு மாதமும் தெரியவே இல்லை. நேரடி முறைக்கு மாற்றினதும் அது பாட்டுக்குப் புள்ளியை இடது பக்கம் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். பொட்டை நான் ஒழுங்காக வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு முகம் எரிந்தது.

சரோஜா கொண்டையிலிருந்து ஊசியை உருவி, குனிந்து, இடுக்கைச் சுரண்டினாள். ஊதினாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடி சுரண்டினாள். தப்பு காதுக்குள்ளேயே அடிக்கிறது. "விடுடி, வந்துட்டாங்க" என்றேன். "இருக்கா, இன்னும் கொஞ்சம்" என்றாள். கேமராவை என் கையில் அவள் திணித்தபோது அண்ணன் படியில் ஏறிவிட்டார். நிமிர்த்திப் பிடித்தேன். குமிழை ஒரு எட்டு கீழே தள்ளினேன். போனது. அங்கேயே நின்றது. அண்ணன் கண்ணை மூடினார். மஞ்சள் தண்ணீர் நெற்றியில் வழிய, இரண்டு கையும் மேலே போக, நான் அமுக்கினேன்.

சரோஜா தன் கேமராவைத் தூக்கும்போது அண்ணன் திரும்பி உள்ளே போய்விட்டார். அவளுக்கு விழுந்தது அவருடைய முதுகு.

இப்போது மண்டபத்தில் என் படம் மாட்டியிருக்கிறது. கீழே என் பெயர், லெட்சுமி என்று. அண்ணன் அதைப் பார்த்து அழுதார். "நம்ம அப்பா மாதிரியே இருக்கேன்டி" என்றார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்தத் தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அக்காவுக்காக சரோஜா விட்டுக் குடுத்துட்டா. மனசுன்னா அது மனசு." ஆட்டோ நானாகூடத் திரும்பி வரும்போது அதையேதான் சொன்னார். படம் என்னுடையது, நல்ல பெயர் அவளுக்கு. அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதில் இல்லாத சரோஜாவைத்தான் பார்க்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள், ஞாயிறு காலை பஸ்ஸை நம்பாதீர்கள். ஆற்றுப் பாதையில் இரத்தம் குடிக்கிற அட்டை உண்டு, காலில் சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள். பங்குனியில் பகலுக்கு மேல் மழை இறங்கும், கேமராவுக்கு ஒரு பொலித்தீன் பை வேண்டும். புள்ளியை நகர்த்துகிற முறையை வீட்டிலேயே மாற்றிப் பழகி, குமிழ் நாலு பக்கமும் போய் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பொட்டு வைக்கிறதானால் கேமரா வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள்.

பெட்டியின் மேல் என்று சொல்லும்போதுதான் நினைவு வருகிறது. அன்று சரஸ்வதி பூஜையில் நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். சந்தனக் கிண்ணம் இருந்தது சரோஜா கையில். தன் கேமராவுக்கு அவள் பொட்டு வைத்தது பெட்டியின் மேல்தான்.